கேள்வி – பதில்: பழைய விமானத்துக்குப் பழைய நிறம்

காட்சிக்கு நிறுத்திய விமானங்களுக்கு மறுபடி வர்ணம் பூசுவது பற்றி வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

எங்கள் கல்லூரி வளாகத்தில் ஒரு பழைய ஜெட் விமானம் பல வருடமாக வெயிலில் நிற்கிறது. மேல்பக்கம் வெளுத்து, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. மாணவர்கள் சேர்ந்து பழையபடி வர்ணம் பூசப் போகிறோம். பாரிமுனைக் கடையில் ஷேட் கார்டைக் காட்டி ‘மிலிட்டரி பச்சை’ என்று ஒன்றைத் தருகிறார்கள். அதையே வாங்கிவிடலாமா?
*– வாசகர், வியாசர்பாடி*

வாங்காதீர்கள். கடைக்காரர் சொல்லும் மிலிட்டரி பச்சை ஜீப்புக்கும் தண்ணீர் டேங்கருக்கும் போகிற பச்சை. உங்கள் விமானத்தின் நிறம் உங்கள் விமானத்திலேயே இருக்கிறது. அதைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: விமானத்தை அதன் வாழ்க்கையில் எந்த வருடத்து விமானமாகக் காட்டப் போகிறீர்கள்? பறந்த காலத்தில் பெரிய பராமரிப்புக்குப் போய் வரும்போதெல்லாம் மேலே புதுப் பூச்சு ஏறியிருக்கும். காட்சிக்கு வைத்த பிறகு யாராவது எனாமல் அடித்திருப்பார்கள். எந்தப் படலம் வேண்டும் என்று தெரியாமல் சுரண்டினால் கிடைக்கிற நிறத்துக்கு அர்த்தமில்லை.

வெயில் படாத இடங்களாகத் தேடுங்கள். பெயர்த்தகட்டின் அடிப்பக்கம், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் தகடுகளின் மூடிய விளிம்பு, ஆன்டெனா அடித்தட்டின் கீழ், சக்கர அறைக் கதவின் உள் மடிப்பு, ஆய்வு மூடிகளின் திருகுத் தலைக்கு அடியில். இங்கெல்லாம் நிறம் அதிகம் மாறாமல் இருக்கும்.

இடம் கிடைத்ததும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்க்க வேண்டும். 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நடுவில் தொடங்குங்கள். பிறகு 600, 1000, கடைசியில் 2000. நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் ஒரு சின்னக் கிண்ணம் போலத் தேய்த்தால், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது மாதிரி வளையம் வளையமாகப் படலங்கள் தெரியும். நடுவில் வெள்ளைத் தகடு, சுற்றி மஞ்சள்பச்சைப் பிரைமர் வளையம், அதற்கு வெளியே முதல் பூச்சு, அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, வளையங்களுக்கு உள்ளிருந்து வெளியே எண் போடுங்கள். இதே சோதனையை ஐந்தாறு இடங்களில் செய்ய வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் காணும் படலம், வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய கதவுடையதாக இருக்கலாம்.

உலர வைத்துத் தேய்க்கவே கூடாது. அந்த மஞ்சள்பச்சைப் பிரைமரில் குரோமேட் இருக்கும். அதன் தூள் புற்றுநோய் உண்டாக்கும். பழைய பூச்சில் ஈயமும் இருக்கலாம். நனைத்தே தேயுங்கள், கையுறையும் நல்ல தூசி முகமூடியும் போடுங்கள், அந்தச் சேற்றைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துத் தனிப் பையில் கட்டுங்கள். மாணவர்களை வைத்துச் செய்வதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

பலரும் ஏமாறுவது இங்கேதான்: பல வருடம் இருட்டில் கிடந்த எண்ணெய்ச் சேர்க்கைப் பூச்சுகள், அதாவது சிந்தெடிக் எனாமல் வகை, தானாகவே மஞ்சள் பாய்ந்துவிடும். மூடியைத் திறந்ததும் தெரியும் சாம்பல் நிறம் பச்சைச் சாம்பலாகத் தோன்றும். உடனே அதற்கு நிறம் பொருத்திவிடாதீர்கள். திறந்த பகுதியை ஒன்றிரண்டு வாரம் ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சளில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதன் பிறகே பொருத்த வேண்டும். மேட் பூச்சு, அதாவது மினுக்கமில்லாத பூச்சு, ஈரத்தில் கறுத்துத் தெரியும் என்பதால், நனைத்துப் பார்த்தும் நிறம் பொருத்தக் கூடாது.

கார் பெயின்ட் கலக்கும் கடைகளில் நிறம் படிக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். கருவியின் கண் விழும் அளவுக்காவது சமமான, சுத்தமான பகுதி வேண்டும். மூன்று இடத்தில் படித்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். கலந்து தரும் மாதிரியைத் தகட்டில் அடித்து, உலர்ந்த பிறகு, பகல் நிழலிலும் மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் எல்இடி வெளிச்சத்திலும் பழையதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் விலகினால், உள்ளே போட்ட நிறமிகள் வேறு என்று அர்த்தம். கலவையை மாற்றச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் சுரண்டி முடித்துவிடாமல், மறைவான ஒரு இடத்தில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பழைய பூச்சைத் தொடாமல் விட்டு, மேலே கழற்றக்கூடிய தகடு போட்டு மூடுங்கள். லண்டன் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று இருக்கிறது. 1942-ல் நார்வே ஏரியில் மூழ்கி 1973-ல் வெளியே எடுத்தது. அதை அப்படியே, புதுப்பிக்காமல் வைத்திருக்கிறார்கள். நமக்கு விமானம் முழுவதையும் அப்படி விட வழியில்லை, ஒரு கைப்பிடி இடத்தையாவது விடலாம்.

பிஎஸ் 381சி, எஃப்எஸ் 595 என்று எண் சொல்கிறார்களே, அந்த எண்ணைச் சொன்னால் கடையில் சரியாகக் கலந்து தருவார்களா?
*– வாசகி, கொளத்தூர்*

எண் நல்ல தொடக்கம். பிஎஸ் 381சி பிரிட்டிஷ் நிற எண் வரிசை. அதில் 637 மீடியம் சீ கிரே, 638 டார்க் சீ கிரே, 641 டார்க் கிரீன், 450 டார்க் எர்த், 283 காக்பிட்டுக்குள் அடிக்கும் சாம்பல்பச்சை. எஃப்எஸ் 595 அமெரிக்க வரிசை. ஐந்து இலக்கத்தில் முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் பளபளப்பு, 2 பாதிப் பளபளப்பு, 3 மேட். ஆக 34151-ம் 14151-ம் ஒரே பச்சைதான், மினுக்கம் மட்டும் வேறு. இதைக் கவனிக்காமல் முதல் எண்ணைத் தவறாகச் சொல்லி, போர் விமானத்தைக் கார் மாதிரி பளபளவென்று ஆக்கியவர்கள் உண்டு.

எண்ணுக்கான நிஜ வண்ணச் சீட்டை வைத்துத்தான் பொருத்த வேண்டும். மொபைல் திரையிலோ அச்சிட்ட புத்தகத்திலோ பார்த்துப் பொருத்தினால் நிச்சயம் தவறும். விமானத்தில் நீங்கள் கண்ட படலமும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், எங்கள் கணக்கில் விமானம் சொல்வதே சரி.

நான் காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்கும் விமானத்துக்கு நல்ல கம்பெனி எனாமல் ரெண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் பூச்சுக்குக் கீழே புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக எழும்பி, ஆணி வரிசை ஓரமெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது. படகில் இப்படி வருவதில்லையே அண்ணே?
*– வாசகர், காசிமேடு*

தம்பி, உங்கள் பெயின்ட்டில் குற்றமில்லை. படகு மரம், ஃபைபர், இரும்பு. விமானம் அலுமினியம். அந்தப் புழுக்கோட்டுக்கு இழை அரிப்பு என்று பெயர். பூச்சுக்குக் கீழே மாட்டிக்கொண்ட உப்பும், நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தால், கீறலிலோ ஆணி ஓரத்திலோ தொடங்கி நூல் நூலாக நகரும். கடலோரத்தில் இதற்கு வேண்டிய ஈரம் வருடத்தில் பாதி நாள் இருக்கிறது. எனவே எல்லாம் பெயின்ட்டுக்கு முன்னால் செய்யும் சுத்தத்தில்தான்.

கொப்புளம் உள்ள இடத்தைப் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுங்கள். கம்பி பிரஷும் ஸ்டீல் உல்லும் அலுமினியத்தில் வேண்டாம். இரும்புத் துகள் தகட்டில் பதிந்து, அந்த இடத்திலேயே புது அரிப்பு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் நைலான் பச்சைப் பட்டையின் மெல்லிய ரகம் போதும். அதையும் மென்மையாக. விமானத் தகடு பெரும்பாலும் மூன்று அடுக்கு: நடுவில் வலுவான கலவை, இரு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக. அரிப்பைத் தடுப்பதே அந்தத் தோல்தான். கிரைண்டரில் பஃப் போட்டு அதை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது.

பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கடலோரத்து போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பை நீங்களே திரும்பப் பூசுகிறீர்கள். கடைசிக் கழுவலுக்கு ஆர்ஓ தண்ணீர், ஆணி வரிசைக்கும் தகட்டு இடுக்குக்கும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். அதன்பின் இந்தச் சோதனை: சுத்தத் தண்ணீரைத் தகட்டில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடிப் படலம் மாதிரி அரை நிமிடம் உடையாமல் பரவி நின்றால் தகடு சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். தாமரை இலையில் தண்ணீர் நிற்பது போல நின்றால் பிரைமர் எடுக்கவே கூடாது.

காய்ந்த தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புதான். அன்றைக்கே அமிலம் கலந்த எட்ச் பிரைமர் ஒரே மெல்லிய கோட், தகடு லேசாகத் தெரியும் அளவுக்கு, 8 முதல் 10 மைக்ரான். தடித்தால் உள்ளே அமிலம் தங்கிவிடும், பிறகு பூச்சு தோல் தோலாக உரியும். அதன்மேல் டின்னில் எழுதிய நேரத்துக்குள் ‘இரண்டு டப்பா’ எபாக்சி பிரைமர், அதாவது பெயின்ட் ஒரு டப்பாவிலும் அதை இறுக்கும் ஹார்ட்னர் இன்னொன்றிலும் வந்து, கலந்து அடிக்கும் ரகம். எந்த எட்ச் பிரைமர் மேல் எபாக்சி போகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். ஆணித் தலைகளுக்கு ஸ்ப்ரேக்கு முன் பிரஷால் ஒரு கோட் குத்திக் குத்தி வையுங்கள். ஸ்ப்ரே நேராகப் போகும்போது ஆணியின் மறுபக்க நிழலில் பெயின்ட் சேராது, அங்கேதான் உங்களுக்குக் கொப்புளம் ஆரம்பித்திருக்கிறது.

நேரமும் முக்கியம். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரியில் பனி இறங்கும். தகட்டின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக, 29-க்கு மேல் இருக்க வேண்டும். இரவு முழுவதும் வானத்தைப் பார்த்துக் கிடந்த இறக்கை காலை ஆறு மணிக்குக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பனி அதன்மேல் இருக்கும். மதியக் கடற்காற்று வந்தால் உப்பும் ஈரமும் கூடவே வரும். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, பந்தல் நிழலில், அதுதான் கடலோரத்துக்கு நல்ல நேரம். நேர் வெயிலில் தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கும். பெயின்ட் விழுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும்.

வெளியில் நிற்கும் விமானத்துக்கு மேலே எனாமல் அடிப்பதா, இரண்டு டப்பா பாலியூரித்தேனா?
*– வாசகர், மணலி*

அந்தக் காலத்தில் அடித்தது செல்லுலோஸும் சிந்தெடிக்கும்தான். கூரைக்குள் நிற்கும் விமானம் என்றால் அதையே அடிக்கலாம், தோற்றமும் அப்படியே வரும். வெட்டவெளியில், அதுவும் மணலிக் காற்றில், வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேனை மேட் ஆக்கி அடிப்பதே சரி. நிறம் பழையது, சரக்கு புதியது. அதைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமா வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். துணி முகமூடி எதையும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாத இடத்தில் இதை ஸ்ப்ரே செய்யாதீர்கள். பிரஷிலோ ரோலரிலோ போடக்கூடிய சரக்கை வாங்குங்கள்.

மேட் பூச்சு திட்டுத் திட்டாக, சில இடம் மினுக்கமாக வருகிறது. பாலிஷ் போட்டால் சரியாகுமா?
*– வாசகர், தண்டையார்பேட்டை*

பாலிஷ் போட்டால் முழுவதும் மினுங்கிவிடும். மேட் ஆக்கும் பொடி டின்னின் அடியில் உட்கார்ந்திருக்கும். அடி வரை துழாவிக் கலக்காமல் மேலாக ஊற்றினால் முதல் கோப்பை பளபளக்கும், கடைசிக் கோப்பை சுண்ணாம்பாகும். இரண்டாவது காரணம் தடிமன் சீரில்லாதது. பெயின்ட் வடியும் நேரத்தை அளக்கும் ஃபோர்டு கப் பி4-ல் 18 முதல் 22 விநாடி வரும்படி தின்னர் சேர்த்து, 1.4 மில்லிமீட்டர் நாசில், இரண்டு பார் காற்று, ஒரு சாண் தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கடைசிக் கோட்டை முந்தைய கோட்டுக்குக் குறுக்கே, ஸ்ப்ரே கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லியதாக இறக்குங்கள். திட்டு விழுந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது. ஒரு தகட்டு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை முழுத் தகட்டையும் திரும்ப அடிக்க வேண்டும்.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது?
*– வாசகர், வியாசர்பாடி*

டின்னிலோ அதன் தகவல் தாளிலோ திடப்பொருள் சதவீதம் கன அளவில் போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய உலர் தடிமனால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் போகும் என்று வரும். 45 சதவீதம், 50 மைக்ரான் என்றால் 450-ஐ 50-ஆல் வகுக்க 9. விமானத்தின் வெளிப்பரப்பு 60 சதுர மீட்டர் என்று வைத்தால் 6.7 லிட்டர். திறந்த வெளி ஸ்ப்ரேயில் நூற்றுக்கு நாற்பது காற்றோடு போகும். 6.7-ஐ 0.6-ஆல் வகுத்தால் 11 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஹார்ட்னரும் இதில் அடக்கம். எல்லாம் ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி, ஹார்ட்னர் சேர்க்கும் முன் எல்லா டின்னையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்து திரும்ப நிரப்புங்கள். அரை லிட்டரை மூடி வைத்து மேலே தேதி எழுதுங்கள், பின்னால் கீறல் விழும்போது அதுதான் கைகொடுக்கும்.

வெள்ளி நிற விமானத்துக்கு கேட் கம்பிக்கு அடிக்கும் அலுமினியம் பெயின்ட் அடித்தோம். பளிச்சென்று இருக்கிறது, ஆனால் சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளி. எழுத்து எழுதினாலும் நிற்கவில்லை.
*– வாசகர், திருவொற்றியூர்*

நீங்கள் வாங்கியது மிதக்கும் ரகம். அலுமினியச் செதில்கள் படலத்தின் மேலே மிதந்து அடுக்கிக்கொள்ளும். அதனால் பளிச்சென்று இருக்கும், அதனாலேயே உதிரும், மேலே எதுவும் ஒட்டாது. மிதக்காத ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சற்று மங்கிய சாம்பல்வெள்ளியாக வரும், பழைய விமானங்களின் வெள்ளிப் பூச்சும் அப்படித்தான் இருந்தது. பழைய படங்களில் வெறும் தகடு என்று நாம் நினைக்கும் பல விமானங்கள் வெள்ளிப் பூச்சு அடித்தவை. தகடுக்குத் தகடு மினுக்கம் மாறித் தெரிந்தால் வெறும் உலோகம், எல்லாம் ஒரே சீராக இருந்தால் பூச்சு.

வட்டக் குறியையும் எண்களையும் ஸ்டிக்கராக வெட்டி ஒட்டிவிடலாமா?
*– வாசகி, பெரம்பூர்*

ஒட்ட வேண்டாம். வெயிலில் ஸ்டிக்கர் சுருங்கி ஓரத்தில் அழுக்குக் கோடு விழும், உரித்தால் மேட் பூச்சையும் கூட்டிக்கொண்டு வரும். ஆனால் ஸ்டிக்கர் கடையை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: எழுத்தை வெட்டாமல், எழுத்துக்கு வெளிப்புறத்தை மறைப்பாக வெட்டி வாங்கி, ஒட்டி, உள்ளே மெல்லியதாக ஸ்ப்ரே அடித்து, முழுதும் காயுமுன் உரித்துவிடுங்கள். ஸ்டென்சிலில் ‘ஓ’, ‘ஏ’ போன்ற ஆங்கில எழுத்துகளில் விழும் சின்ன இடைவெளிகள் பழைய விமானத்தில் இருந்தால், அதை நிரப்பி அழகுபடுத்தாதீர்கள்.

இந்திய விமானப்படை வட்டத்தில் நடுவில் காவி, அடுத்து வெள்ளை, வெளியே பச்சை. மையத்தில் ஆணி அடிக்காமல், மாஸ்கிங் டேப்பை நாலைந்து மடிப்பாக ஒட்டி அதில் நூல் கவராயம் வைத்து வரையுங்கள். முழு வட்டத்துக்கும் முதலில் வெள்ளை அடித்துவிடுங்கள். காவி மூடும் சக்தி குறைந்த நிறம், பச்சை உருமறைப்பின்மேல் நேராக அடித்தால் செங்கல் நிறத்தில் நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் செங்குன்றம் ஏரியில் கேட்டலினா கடல் விமானங்கள் இறங்கின என்று தாத்தா சொல்வார். பள்ளிக் கண்காட்சிக்குப் பெரிய மாதிரி செய்கிறோம். என்ன நிறம் அடிக்க?
*– வாசகர், புழல்*

தாத்தா சொல்வது உண்மை. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் கேட்டலினாக்களோடு செங்குன்றத்தில்தான் இருந்தது. கடல் மேல் பறக்கும் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மேல்பக்கம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே என்ற இரு நிற அலை என்பது ஒரு முறை. பக்கமும் அடியும் வெள்ளை என்பது பிறகு வந்த முறை. நீங்கள் பின்பற்றும் புகைப்படம் எந்த வருடத்தது என்று பார்த்து ஒன்றை எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். வட்டக் குறியில் சிவப்பு வேண்டாம். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நம்மவர்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக, இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்தார்கள்.

கறுப்புவெள்ளைப் படத்தை வைத்து நிறம் சொல்லும்போது கவனம். சிவப்பை உணராத பழைய ரக ஃபிலிமில் மஞ்சளும் சிவப்பும் கறுத்துத் தெரியும், நீலம் வெளுக்கும். மாதிரி சின்னதாக இருந்தால் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலப்பது வழக்கம், தூரத்தில் நிற்கும் விமானம் வெளிறித் தெரிவது போலக் காட்டுவதற்காக. நிஜ விமானத்துக்கு அந்த வேலை செய்யக் கூடாது, தூரம் தானே வெளுக்க வைக்கும்.

துணி போர்த்திய பழைய பயிற்சி விமானத்தின் சுக்கானுக்கு டோப் அடித்தோம். ஐப்பசி மழையில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது.
*– வாசகர், எண்ணூர்*

டோப் என்பது துணியை இழுத்துப் பிடிக்கும் செல்லுலோஸ் பூச்சு. அதில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். ஈரக் காற்றில் அங்கே தண்ணீர் படிந்து செல்லுலோஸைத் திரிய வைக்கும், பால் திரிவது போலத்தான். அப்படியே விட்டால் அந்தப் படலத்துக்கு வலுவில்லை, துணியையும் இழுத்துப் பிடிக்காது. ஈரப்பதம் 70-க்குக் கீழே இறங்கும் ஒரு நாள் பாருங்கள். தின்னரில், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்து வெளுத்த இடத்தில் மெல்லியதாக ஸ்ப்ரே செய்தால் படலம் இளகித் தெளியும். அடுத்த கோட்டிலிருந்து ரிட்டார்டர் 5 முதல் 10 சதவீதம் போதும், கூடினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்.

முதல் இரண்டு கோட் தெளிந்த நைட்ரேட் டோப், பிரஷால், நூலுக்குள் இறங்கும்படி. பியூட்டிரேட் டோப் அதன்மேல் போகலாம், பியூட்டிரேட் மேல் நைட்ரேட் போகக் கூடாது. நிறத்துக்கு முன்னால் அலுமினியத் தூள் கலந்த டோப் இரண்டு மூன்று கோட், லிட்டருக்கு 25 முதல் 30 கிராம். வெயில் துணியை அரிக்காமல் காப்பது அதுதான். போதுமா என்று பார்க்க, இருட்டில் சுக்கானுக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கை வையுங்கள். எங்கேயாவது ஒளி கசிந்தால் அங்கே இன்னொரு கோட். நைட்ரேட் டோப்பை உலர வைத்துத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நிலைமின் பொறியில் பற்றிக்கொள்ளும்.

காக்பிட் மீட்டர்களில் முள்ளும் எண்ணும் பழுப்பாகிவிட்டன. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டி புதிதாக எழுதலாமா?
*– வாசகர், கொருக்குப்பேட்டை*

கழற்றவே கழற்றாதீர்கள். இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பூச்சு வைத்தார்கள். ஒளிர்வது நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். உதிர்ந்த பொடி மூச்சில் போனால் எலும்பில் போய்த் தங்கும். உடையாத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை மீட்டரை அப்படியே விடுங்கள், கையை அருகில் வைத்துக்கொண்டு நேரம் போக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் காக்பிட்டை மூடிப் பூட்டி, கதிர்வீச்சு அளக்கும் கருவி உள்ளவர்களை அழைத்துப் பார்த்த பிறகே உள்ளே பெயின்ட் வேலை.